போர்க்காலப் புகைப்படப் புதிர் போடுவது எப்படி

போர்க்காலப் புகைப்படம் ஒன்றைப் போட்டு "இது என்ன?" என்று கேட்பது எளிது. பத்துப் பேர் பத்து விடை சொன்ன பிறகு எது சரி என்று தீர்த்துவைப்பதுதான் கடினம். அந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. விடையை நிரூபிக்கும் அடையாளம் படத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று, கேள்வியை வெளியிடும் முன்பே பார்த்துவிட வேண்டும். படக்குறிப்பில் மட்டும் இருக்கும் விடையைக் கேட்டால் நன்கு படித்தவரும் குருட்டாம்போக்கில் சொல்பவரும் ஒரே நிலையில்தான் நிற்பார்கள்.

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். மார்க் 1, 2, 5 ஆகிய மாதிரிகளில் இறக்கைக்கு அடியில் விமானியின் வலப்பக்கம் பெட்டி போன்ற ரேடியேட்டர் இருக்கும், இடப்பக்கம் சிறிய ஆயில் கூலர் இருக்கும். இரண்டும் ஒன்றுபோல இருக்காது. மார்க் 9இல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டிகள், புரொப்பெல்லருக்கு நான்கு பிளேடுகள். ஆகவே கீழிருந்து எடுத்த படமாக இருந்தால் "மார்க் 5ஆ, 9ஆ?" என்று தாராளமாகக் கேட்கலாம். "9ஆ, 16ஆ?" என்று கேட்கவே கூடாது. 16இல் இருப்பது அமெரிக்காவில் பேக்கார்ட் தயாரித்த மெர்லின் 266 எஞ்சின். அந்த வேறுபாடு மூடிக்குள் இருக்கிறது. விமானத்தின் வரிசை எண் படத்தில் தெரிந்தால் ஒழிய யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

படங்களை எங்கே எடுப்பது

ஏற்கெனவே ஆயிரம் முறை சுற்றிவந்த படங்களை விட்டுவிடுங்கள். ஆவணக் காப்பகங்களுக்கே நேராகப் போங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், அந்நாட்டுக் கடற்படை வரலாற்றுப் பிரிவு, லண்டன் இம்பீரியல் வார் மியூசியம், ஆஸ்திரேலியன் வார் மெமோரியல், ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் ஆகியவை தங்கள் படங்களை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கின்றன. அமெரிக்கப் படைப் புகைப்படக்காரர்கள் பணியில் எடுத்தவை பொதுச் சொத்து. பிரிட்டிஷ் அரசுப் பணியில் 1957 ஜூன் 1க்கு முன் எடுத்த படங்களுக்கும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஜெர்மன் காப்பகம் 2008 டிசம்பரில் பல்லாயிரம் படங்களை விக்கிமீடியா காமன்ஸுக்கு அளித்தது. அவற்றைப் பயன்படுத்தும்போது காப்பகத்தின் பெயரையும் எடுத்தவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். 

இருப்பதிலேயே பெரிய அளவுக் கோப்பைத் தரவிறக்குங்கள். 3000 பிக்ஸல் அகலமுள்ள படத்தில் சக்கரத்தின் மையப்பூண்கூடத் தெளிவாக இருக்கும். 600 பிக்ஸல் படத்தில் சக்கரத்தை எண்ணவே முடியாது.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய போலிப் படங்கள் இப்போது நிறையப் புழங்குகின்றன. டாங்கியின் இரு பக்கச் சக்கர எண்ணிக்கை ஒத்துப்போகாதது, எழுத்துபோலத் தோன்றி எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கல், ரிவெட்டுகள் பாதியில் கரைந்து போவது ஆகியவை வழக்கமான தடயங்கள். காப்பகத்தின் பட எண் கிடைக்காத எதையும் பயன்படுத்தாதீர்கள். பிற்காலத்தில் வண்ணம் ஏற்றிய படங்களும் வேண்டாம். அந்த வண்ணம் யாரோ ஒருவரின் ஊகம்தான், அதை வைத்துக் கேட்கும் கேள்விக்கு அடித்தளம் கிடையாது.

படக்குறிப்பைச் சரிபார்ப்பது

பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன. காப்பகத்தின் படக்குறிப்பு வேதவாக்கு கிடையாது. ஜெர்மன் காப்பகமே தன் பழைய குறிப்புகள் தவறாகவோ ஒருதலைப்பட்சமாகவோ இருக்கலாம் என்று எச்சரிக்கிறது. உலகமே அறிந்த படங்களிலும் இதே கதைதான். ஜப்பானின் ஈவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசந்தால் எடுத்த கொடியேற்றப் படத்தில் இருக்கும் ஆறு பேரின் அடையாளத்தை அமெரிக்க மரீன் படை 2016இலும் 2019இலும் திருத்தியது. இத்தனைக்கும் அந்தப் படம் காட்டுவது அன்று சுரிபாச்சி மலையில் ஏற்றிய இரண்டாவது கொடியை. பெர்லினின் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக் மீது யெவ்கெனி கால்தேய் 1945 மே 2 அன்று எடுத்த படத்தில், ஒரு வீரரின் கையில் இருந்த இரண்டாவது கடிகாரம் பிறகு சுரண்டி நீக்கப்பட்டது, பின்னணியில் புகை சேர்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் ஃபிராங்க் ஹர்லி பல நெகட்டிவ்களை ஒன்றாகச் சேர்த்தே சில போர்க்களக் காட்சிகளை அச்சிட்டார்.

எனவே ஒவ்வொரு படத்துக்கும் குறைந்தது இரண்டு தனித்தனி ஆதாரங்கள் தேவை: ஒன்று படத்துக்குள் தெரியும் அடையாளம், இன்னொன்று வெளியிலிருந்து கிடைக்கும் குறிப்பு. இரண்டும் முரண்பட்டால் படத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள்.

காலத்தைக் கண்டுபிடிக்க மிக நல்ல உதவி விமானங்களின் தேசியச் சின்னம். அமெரிக்க விமானத்தில் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவே சிவப்பு வட்டம் இருந்தால் அது 1942 மே மாதத்துக்கு முந்தைய வண்ணப்பூச்சு. ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பக் கூடாது என்று அந்தச் சிவப்பை எடுத்தார்கள். நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தது 1943 ஜூன் இறுதியில், முதலில் சிவப்பு விளிம்போடு. சில வாரங்களிலேயே விளிம்பு நீலமானது. 1947இல் வெள்ளைப் பட்டைக்குள் சிவப்புக் கோடு வந்தது. இப்படி ஒரு சின்னத்தைக் கொண்டே ஆண்டைச் சொல்லிவிடலாம். ஆனால் உத்தரவு வந்த நாளிலேயே எல்லா விமானத்துக்கும் யாரும் புதிதாக வண்ணம் அடித்துவிடவில்லை. "எந்த மாதம்?" என்று கேட்காமல் "எதற்குப் பிந்தியது?" என்று கேட்பதே நியாயம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் நிறத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவும் மஞ்சள் கருமையாகவும் நீலம் வெளிறியும் பதியும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம் அத்தகைய படத்தில் உருமறைப்பு வண்ணத்தோடு கலந்து காணாமல் போய்விடும். "மஞ்சள் வளையம் இல்லை, ஆகவே போரின் தொடக்கக் காலம்" என்று ஒருவர் வாதாடினால் ஃபிலிமையும் கணக்கில் எடுங்கள்.

தலைக்கவசம் ஆளின் நாட்டைச் சொல்லாது. ஜெர்மன் ஹெல்மெட்டை ஃபின்லாந்து உள்பட வேறு நாட்டுப் படைகளும் அணிந்தன. பிரெஞ்சு ஏட்ரியன் ஹெல்மெட் 1915க்குப் பிறகு பெல்ஜியம், இத்தாலி, ருமேனியா என்று பல படைகளுக்குப் போனது. ஆனால் தயாரிப்புக் காலத்துக்கு உதவும்: ஜெர்மன் ஹெல்மெட்டின் விளிம்பு உள்பக்கம் மடிக்கப்படாமல் வெட்டியபடியே வெளியே விரிந்திருந்தால் அது 1942 மாதிரி. அதேபோல நீல ஸ்வஸ்திகா தாங்கிய விமானத்தைக் கண்டதும் ஜெர்மனி என்று முடிவு செய்பவர்கள் உண்டு. வெள்ளை வட்டத்தில் நீல ஸ்வஸ்திகா ஃபின்லாந்து விமானப்படையின் சின்னம். 1918 முதல் 1945 வரை விமானங்களில் இருந்தது, நாஜிக் கட்சிக்கும் முந்தியது. கைப்பற்றிய டாங்கிகளில் எதிரி தன் சின்னத்தை வரைந்து ஓட்டியதும் சாதாரணம். ஆகவே சின்னம் சொல்வது யார் ஓட்டினார் என்பதை, உடல் அமைப்பு சொல்வது யார் தயாரித்தார் என்பதை. இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகப் பிரித்தால் அருமையான புதிர் அமையும்.

இடம் வலமாக மாறிய படம்

நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டதால் இடம் வலமாக மாறிய படங்கள் காப்பகங்களிலேயே இருக்கின்றன. அதைக் கவனிக்காமல் கேள்வி போட்டால் கூர்ந்து பார்ப்பவர்தான் தோற்பார். சரிபார்க்க எழுத்தும் எண்ணும் இருந்தால் ஒரு நொடி வேலை. இல்லாவிட்டால் பொருள்களைப் பாருங்கள். வழக்கமான போல்ட் துப்பாக்கியின் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். பிரிட்டிஷ் ஸ்டென் துப்பாக்கியின் மேகசின் (தோட்டாப் பெட்டி) இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மன் தரைப்படைச் சீருடையில் மார்புக் கழுகு அணிந்தவரின் வலப்பக்கம். ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் மூக்கில் காற்றை உறிஞ்சும் குழல் இடப்பக்கம் துருத்தி நிற்கும். அது வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பிவிட்டது என்று பொருள்.

விமானம் தாங்கிக் கப்பலில் கவனம் தேவை. கட்டளைக் கோபுரம் வலப்பக்கம் இருப்பதுதான் வழக்கம். ஜப்பானின் அகாகி, ஹிர்யூ இரண்டிலும் இடப்பக்கம். இதை அறியாதவர் நல்ல படத்தைத் திரும்பிய படம் என்று ஒதுக்கிவிடுவார். அறிந்தவருக்கோ கப்பலின் பெயரை இரண்டில் ஒன்றாகக் குறுக்கிவிடும் தங்கமான துப்பு அது.

கேள்வியின் ஆழத்தை முடிவு செய்வது

ஒரு படத்தில் எவ்வளவு நுணுக்கம்வரை கேட்கலாம் என்பதை ஒரு டாங்கிப் படத்தைக் கொண்டு பார்ப்போம். பக்கவாட்டில் எடுத்த படம். சதுரமான உடல், நீண்ட பீரங்கி, அதன் முனையில் மஸில் பிரேக் (சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கும் பாகம்), சுழல் கோபுரத்தைச் சுற்றி மெல்லிய தகடுகள். வண்டியின் பக்கத் தகடுகளில் இரண்டு கழன்று போயிருக்கின்றன.

வரும் விடைகளில் பாதி, ஜெர்மனியின் கனரக டாங்கியான "டைகர்" என்றே இருக்கும். போரிலேயே நேச நாட்டு வீரர்கள் செய்த அதே பிழைதான் இது. கோபுரத் தகடுகள் வண்டியைப் பெரிதாகக் காட்டிவிடும். கழன்ற தகட்டின் இடைவெளியில் பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மனியின் நடுத்தர டாங்கியான பான்சர் 4 என்றால் ஒரு பக்கம் எட்டுச் சிறிய சக்கரங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருக்கும், மேலே சங்கிலிப் பட்டையைத் தாங்கச் சிறிய உருளைகள் இருக்கும். டைகரில் மேல் உருளையே கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த பெரிய சக்கரங்களே பட்டையின் மேற்பகுதிவரை எட்டும். ஓர் உருளை தெரிந்தால் போதும், டைகர் வாதம் முடிந்தது.

அடுத்தது, பான்சர் 4இல் எந்த மாதிரி? மஸில் பிரேக் உள்ள நீண்ட பீரங்கி 1942இல் வந்தது. ஆகவே குட்டைப் பீரங்கி கொண்ட ஆரம்ப மாதிரிகள் விலகிவிட்டன. பிந்தைய ஜி மாதிரியா, எச் மாதிரியா என்றால் முன்தகட்டின் அமைப்பையும் இன்னும் சில சிறு பாகங்களையும் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் அவை தெரியவில்லை. ஜே மாதிரியில் கோபுரத்தைச் சுழற்றும் துணை எஞ்சினை நீக்கியதால் பின்புறம் இருந்த சிறிய புகைபோக்கியும் போனது. படத்தில் பின்புறமே இல்லை. ஆகவே "நீண்ட பீரங்கி கொண்ட பான்சர் 4" என்பதோடு கேள்வி நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஒருவர் துல்லியமாகச் சொன்னால் பாராட்டலாம், மதிப்பெண் தர முடியாது.

அமெரிக்க டாங்கியான எம்4 ஷெர்மனிலும் இதே நிலை. வார்ப்பில் செய்த, மூலைகள் உருண்ட உடல் என்றால் எம்4ஏ1. பற்றவைத்த தட்டை உடல் என்றால் பல மாதிரிகள் போட்டிக்கு வரும், எம்4க்கும் எம்4ஏ3க்கும் உள்ள முக்கிய வேறுபாடு எஞ்சின் மூடியிலும் பின்புறத்திலும் இருக்கிறது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் அதைக் கேட்காதீர்கள். போருக்குப் பிந்தைய சோவியத் டாங்கிகள் இந்த வகையில் புதிர் போடுபவருக்கு நல்வரம். டி-54, டி-55 இரண்டிலும் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே அகன்ற இடைவெளி. டி-62இல் இடைவெளி மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சக்கரங்களுக்கிடையே. கீழ்ப்பாதி மட்டும் தெரியும் படம்கூட விடை சொல்லிவிடும்.

கப்பல்களில் வகுப்பை, அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டிய தொகுதியைக் கேளுங்கள். தனிக் கப்பலின் பெயரைக் கேட்க வேண்டுமானால் கப்பலின் பக்கவாட்டில் எழுதிய எண்ணோ, அந்தக் கப்பலுக்கே உரிய மாற்றமோ தெரிய வேண்டும். அமெரிக்காவின் ஃபிளெட்சர் வகுப்பு நாசகாரிக் கப்பல்கள் மட்டும் 175 கட்டப்பட்டன. அதோடு, போர்க்காலத் தணிக்கையில் ரேடார் ஆண்டெனாக்களையும் பக்க எண்களையும் அழித்தே பல படங்களை வெளியிட்டார்கள். "ரேடார் இல்லை" என்ற வாதத்தை அப்படியே ஏற்கக் கூடாது. நிழலுருவம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 1941 மே 24இல் டென்மார்க் நீரிணையில் நடந்ததே சான்று. ஜெர்மன் போர்க்கப்பல்களான பிஸ்மார்க்கும் பிரின்ஸ் ஆய்கனும் தொலைவில் ஒத்த தோற்றம் கொண்டவை. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட் முதலில் குறிவைத்தது முன்னால் சென்ற பிரின்ஸ் ஆய்கனை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு புதிர் போட்டால் வரலாறும் சேர்ந்தே விளங்கும்.

படத்தைத் தயார் செய்வது

காப்பக எண் அச்சிட்ட கீழ் விளிம்பை வெட்டுங்கள். கோப்பின் பெயரை மாற்றுங்கள், "புதிர்-07" போதும். விடையே கோப்புப் பெயராக வெளியாகிப் போவது அடிக்கடி நடக்கும் விபத்து. கோப்புக்குள் மறைந்திருக்கும் தலைப்பு, குறிப்பு, இடத் தகவல்களையும் நீக்க வேண்டும். படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிதாகச் சேமித்தால் அவை கூட வராது. வெளியிடும் அளவு 1200 பிக்ஸல் அகலம் இருக்கட்டும்.

கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தைப் போட்டுத் தேடினால் முழுப் படம் சில நொடிகளில் சிக்கிவிடும். இதைத் தடுக்க வேண்டுமென்றே படத்தை இடம் வலமாகத் திருப்புவார்கள் சிலர். செய்யாதீர்கள், மேலே சொன்ன எல்லா அடையாளமும் பொய்யாகிவிடும். சிறு பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுவது மேல்: முதல் நாள் ஒரு சக்கரமும் அதன் அருகிலுள்ள தகடும், மறுநாள் பாதி வண்டி, மூன்றாம் நாள் முழுப் படம். வெட்டிய துண்டை நீங்களே ஒருமுறை தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். மூலப்படம் வந்தால் இன்னும் சுருக்குங்கள்.

இதைவிட உறுதியான தடுப்பு விதியிலேயே இருக்கிறது. விடையோடு, படத்தில் தெரியும் ஓர் அடையாளத்தையாவது காரணமாகச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். தேடிக் கண்டுபிடித்தவரும் அப்போது படத்தை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

மதிப்பெண்ணும் நேரமும்

ஒரு புதிருக்கு 10 மதிப்பெண் வைத்தால் பிரிப்பது எளிது: பொருளின் பெயருக்கு 3, மாதிரிக்கு 2, பயன்படுத்திய படைக்கு 1, காலத்துக்கு 1, காரணத்துக்கு 3. படத்தில் கேட்க இயலாத பகுதி இருந்தால் அதன் மதிப்பெண்ணைக் காரணத்தோடு சேர்த்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் சரியான விடை வராவிட்டால் முதல் துப்பு, உச்ச மதிப்பெண் 7. 48 மணி நேரத்தில் இரண்டாவது துப்பு, உச்சம் 4. 72 மணி நேரத்தில் விடையை வெளியிட்டுவிடுங்கள். அதற்குமேல் இழுத்தால் ஆட்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். துப்பு படத்தை நோக்கித் திருப்புவதாக இருக்கட்டும். "மேல் உருளைகளை எண்ணுங்கள்" என்பது நல்ல துப்பு. "இது ஒரு புகழ்பெற்ற வண்டி" என்பதால் யாருக்கும் பயனில்லை.

வென்றவர் அடுத்த படத்தைப் போடுவது பலருக்கும் பிடித்த முறை. அதில் வழக்கமாக வரும் முடக்கம், வென்றவர் காணாமல் போவது. 48 மணி நேரத்துக்குள் போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று விதி இருந்தால் ஓட்டம் நிற்காது. ஒரே ஆள் தொடர்ந்து வென்றால் மற்றவர்கள் ஒதுங்கத் தொடங்குவார்கள். தொடர்ந்து இரண்டு வென்றவர் அடுத்த புதிரில் 12 மணி நேரம் பொறுத்துத்தான் விடை சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அவர் விருப்பமில்லாத துறையிலிருந்து படம் எடுங்கள். டாங்கி நிபுணருக்கு நீர்மூழ்கிக் கப்பலின் கோபுரத்தைக் காட்டினால் ஆட்டம் சமமாகும்.

நேரில் கூடி நடத்தினால் ஒரு சுற்றுக்கு 12 படங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் 60 நொடி, நுணுக்கமானவற்றுக்கு 90. எளியவை நான்கு, நடுத்தரம் ஆறு, கடினம் இரண்டு என்ற கலவை நன்றாக ஓடும். கடினமான படத்தை முதலில் வைக்காதீர்கள். புரொஜெக்டரில் இருண்ட படங்கள் இன்னும் இருண்டு நிழல் பகுதி முழுக்க மறைந்துவிடும். ஆகவே முன்பே சுவரில் போட்டுப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவையுங்கள். சமநிலை வந்தால் ஒரு படத்தைக் காட்டி ஆண்டைக் கேளுங்கள், நெருங்கிச் சொன்னவருக்கு வெற்றி.

போடக் கூடாதவை

இறந்தவர்களின் உடல், போர்க்கைதிகளின் அவமானம், வதை முகாம்கள் ஆகியவை விளையாட்டுக்கு உரியவை கிடையாது. படத்தின் ஓரத்தில் உடல் தெரிந்தாலும் வேறு படம் தேடுங்கள். அந்த வீரரின் குடும்பம் இன்றும் எங்கோ வாழ்கிறது. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, வரலாற்றுக் கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பங்கேற்பவர்கள் பல நாட்டினராக இருந்தால் சின்னம் மையமாக இல்லாத படமே நல்லது. எந்தப் படை நல்லது, எது கெட்டது என்று விவாதம் திரும்பினால் புதிரை முடித்து அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.

விடையை வெளியிடுவது

இந்தப் பகுதிக்காகவே பலர் காத்திருப்பார்கள். "சரியான விடை: பான்சர் 4" என்று ஒரு வரியில் முடிப்பது பெரும் வீணடிப்பு. முழுப் படத்தையும் போட்டு, அடையாளங்களை அம்புக்குறியால் காட்டி, ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கிறது, எதை விலக்குகிறது என்று ஐந்தாறு வரிகள் எழுதுங்கள். தவறான விடைகளில் மிக நெருங்கியதை எடுத்து, அது எங்கே விலகியது என்றும் காட்டுங்கள். டைகர் என்று சொன்னவருக்கு அந்த உருளையைச் சுட்டிக்காட்டினால் அடுத்த முறை அவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

யாராவது உங்கள் விடையை மறுத்தால் அவரும் படத்திலிருந்தே சான்று காட்ட வேண்டும். காட்டினால் உடனே ஏற்று மதிப்பெண்ணைத் திருத்துங்கள். படம் இரண்டு பக்கமும் பேசினால் இரு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்து அந்தப் படத்தை இனிப் பயன்படுத்தாதீர்கள். காப்பகக் குறிப்பே தவறு என்று உறுதியானால் காப்பகத்துக்குப் பட எண்ணோடு எழுதித் தெரிவிக்கலாம்.

போட்ட எல்லாப் படங்களுக்கும் ஒரு பட்டியல் வைத்திருங்கள்: புதிர் எண், காப்பகத்தின் பட எண், விடை, நிரூபித்த அடையாளம், எத்தனை மணி நேரத்தில் விழுந்தது, எந்தத் துப்புக்குப் பிறகு. ஒரே படம் திரும்ப வராது. பத்து நிமிடத்தில் விழுந்த புதிரையும் மூன்று நாள் தாங்கிய புதிரையும் அருகருகே பார்த்தால், உங்கள் கூட்டத்துக்கு எந்த அளவு கடினம் பொருந்தும் என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.